காலி மனையில் ஓடிய படங்கள்

"அமெரிக்காவில் டிரைவ்-இன் தியேட்டர் எப்படி வந்தது? ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தது ஏன் காணாமல் போனது? இப்போதும் பேச்செடுத்தாலே அங்கே உள்ளவர்கள் ஏன் இப்படி உருகுகிறார்கள்?" இதுதான் கேள்வி. (டிரைவ்-இன் என்றால், திறந்த வெளியில் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் தியேட்டர்.) மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இடம் என்று நான் சொல்வது நிஜமாகவே இடத்தைத்தான். மனை. நிலம். டிரைவ்-இன்னை சினிமா வரலாறாகப் படித்தால் பாதிதான் புரியும். ரியல் எஸ்டேட் வரலாறாகவும் சேர்த்துப் படித்தால் மீதியும் புரிந்துவிடும். இது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சென்னையில் கொஞ்சம் வயதானவர்களிடம் 'டிரைவ்-இன்' என்று சொன்னால் சினிமா நினைவுக்கு வராது, கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ்தான் வரும். மரத்தடியில் காரை நிறுத்தி, கார் கதவில் மாட்டிய தட்டில் சாம்பார் வடையும் காபியும். அந்த ஓட்டலுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு, பின்னால் வருகிறேன். முதலில் அமெரிக்கா.

நியூ ஜெர்சியில் ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்று ஒருவர் இருந்தார். அப்பாவுக்குக் கார் சம்பந்தப்பட்ட சாமான்கள் தயாரிக்கும் கம்பெனி, மகனுக்கு அதில் வேலை. 1930களின் தொடக்கம் என்பதால் நாடே பெரும் பொருளாதார மந்தத்தில் கிடந்தது. கையில் காசு குறைந்தால் மக்கள் எதையெதை விடுவார்கள், எதைக் கடைசிவரை விடமாட்டார்கள் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். சோறும் துணியும் போக, காரையும் சினிமாவையும் லேசில் விடமாட்டார்கள் என்று பட்டது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் என்ன?

ரிவர்ட்டன் என்ற ஊரில் தன் வீட்டு வாசலிலேயே சோதனையைத் தொடங்கினார். கார் பானெட்டின் மேல் 1928ஆம் வருடத்துக் கோடக் புரொஜெக்டர். எதிரே மரங்களுக்கு நடுவே ஆணியடித்துக் கட்டிய வெள்ளைத் துணி. சத்தத்துக்கு, துணிக்குப் பின்னால் ஒரு ரேடியோ. மழை வந்தால் உள்ளே இருப்பவருக்குப் படம் தெரியுமா என்று பார்க்க, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் கார் கண்ணாடிமேல் திருப்பிவிட்டுப் பார்த்தார். அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் பெரிது, தியேட்டர் நாற்காலி பத்தவில்லை, அதனால்தான் இந்த யோசனையே வந்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. எனக்கென்னவோ அது பின்னாளில் ஒட்டிக்கொண்ட கதை மாதிரித்தான் தெரிகிறது.

துணி கட்டுவதும் படம் காட்டுவதும் பெரிய விஷயமில்லை. சிக்கல் வேறு. வரிசையாகக் காரை நிறுத்தினால் முன்னால் நிற்கும் காரின் கூரைதான் பின்னால் இருப்பவருக்குத் தெரியும். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டுக்காரர் மணலைக் குவித்து அதன்மேல் உட்காருவார் இல்லையா, அதேதான். ஹாலிங்ஸ்ஹெட் முன்சக்கரங்களுக்குக் கீழே கட்டைகளை வைத்து, எவ்வளவு தூக்கினால், எவ்வளவு இடைவெளி விட்டால் எல்லோருக்கும் திரை முழுதாகத் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்து ஒரு அளவுக்கு வந்தார். அதையே நிலத்தில் மண்மேடாகப் போட்டார். அரைவட்ட வரிசைகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மேடு, மேட்டில் ஏறி நின்றால் காரின் மூக்கு சற்று மேலே தூக்கும். பக்கத்துக் காரைத் தொந்தரவு செய்யாமல் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். 1933 மே 16ஆம் தேதி கிடைத்த 19,09,537 எண் காப்புரிமையின் உயிர்நாடியே இந்த மண்மேடுதான். சினிமாக் கண்டுபிடிப்பு என்று நினைத்துத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது வரப்பு போடும் கலை!

மூன்று வாரம் கழித்து, ஜூன் 6ஆம் தேதி, கேம்டன் நகரை ஒட்டி நெடுஞ்சாலை ஓரம் தியேட்டர் திறந்தது. சுமார் 400 கார்கள் நிற்கலாம். காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட், எத்தனை பேர் வந்தாலும் ஒரு டாலருக்கு மேல் இல்லை. பிள்ளைகள் எவ்வளவு கத்தினாலும் பரவாயில்லை, குடும்பத்தோடு வாருங்கள் என்று விளம்பரம். முதல் நாள் போட்டது அடால்ஃப் மென்ஜூ நடித்த, ஏற்கெனவே வேறு தியேட்டர்களில் ஓடி முடிந்த ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம். புதுப் படம் கொடுக்க ஆளில்லை. இந்த வியாதி டிரைவ்-இன்னைக் கடைசிவரை விடவில்லை.

ஓடியதா என்றால், சுமார்தான். சில வருடங்களில் அவர் அதை விற்றுவிட்டார். யோசனை மட்டும் பரவியது. அடுத்த வருடமே, 1934 ஏப்ரலில், பென்சில்வேனியாவின் ஓர்ஃபீல்ட் என்ற ஊரில் ஷாங்க்வைலர்ஸ் தொடங்கியது. அது இன்றும் படம் போடுகிறது. இருப்பதிலேயே பழைய டிரைவ்-இன் அதுதான்.

அந்தக் காலத்தில் பெரிய தலைவலி ஒலி. கேம்டனிலேயே இருந்த ஆர்சிஏ விக்டர் கம்பெனியின் பெரிய ஒலிபெருக்கிகளைத் திரையோரம் வைத்தார்கள். ஒளி கண்ணுக்கு உடனே வந்துவிடும், ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர்தான் போகும். திரையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்கும் கடைசி வரிசைக்காரருக்கு நாயகன் வாயை மூடி அரை விநாடி கழித்து வசனம் வரும். முன்வரிசையில் காது கிழியும், பின்வரிசையில் கேட்காது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ டிக்கெட் எடுக்காமலே முழு வசனமும் கேட்கும். தூங்க முடியாமல் அவர்கள் புகார் செய்தார்கள்.

இதற்குத் தீர்வு 1941இல் வந்தது. ஒவ்வொரு காருக்கும் தனி ஸ்பீக்கர். இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு கம்பம், கம்பத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி, அதில் சத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. எடுத்துக் காரின் கண்ணாடியில் கொக்கியால் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒலித்தரம் கரகரவென்று டிரான்சிஸ்டர் மாதிரித்தான் இருக்கும். படம் முடிந்ததும் அதைத் திரும்பக் கம்பத்தில் மாட்டாமல் வண்டியை எடுத்துவிடுவது எல்லோரும் செய்த தவறு. ஒயர் அறுந்து ஸ்பீக்கர் வீட்டுக்கே வந்துவிடும், அல்லது கண்ணாடி நொறுங்கும். "ஸ்பீக்கரை மாட்டிவிட்டுப் போங்கள்" என்று திரையிலேயே கெஞ்சுவார்கள். இன்றைக்கு அந்தப் பழைய ஸ்பீக்கர்களை வாங்கி அலமாரியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை, எத்தனை தாத்தா அறுத்துக்கொண்டு வந்தவை என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

ஸ்பீக்கர் வந்த கையோடு போரும் வந்துவிட்டது. பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன். எல்லாம் அப்படியே நின்றது. போர் முடிந்த பிறகுதான் நிஜமான கதை ஆரம்பிக்கிறது.

1945க்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒரு வரிசையாகப் பாருங்கள். போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். நகரத்தை விட்டுப் புறநகரில் வீடு வாங்கினார்கள். வீட்டுக்கொரு கார், வீட்டுக்கு மூன்று நான்கு குழந்தைகள். நகரத்து நடுவில் இருக்கும் பெரிய தியேட்டருக்குப் போக வேண்டுமென்றால் நல்ல உடை போட வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும், பார்க்கிங் தேட வேண்டும். டிரைவ்-இன்னில் இந்த மூன்றும் கிடையாது. வேலையிலிருந்து வந்த சட்டையோடு போகலாம், பிள்ளைகளுக்கு இரவு உடையைப் போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகலாம். பின்சீட்டில் தூங்கினால் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து படுக்கையில் போட்டுவிடலாம்.

தியேட்டர் போடுகிறவர் பக்கம் பாருங்கள். 500 கார் நிறுத்த 10 ஏக்கருக்கு மேல் வேண்டும். ஆனால் அந்த 10 ஏக்கர் அப்போது ஊருக்கு வெளியே சோளக்கொல்லையாகவோ மாட்டுப் பண்ணையாகவோ இருந்தது. விலை மலிவு. கட்டடம் என்று பார்த்தால் ஒரு திரை, நடுவில் ஒரு சின்ன புரொஜெக்டர் அறை, அதோடு ஒட்டிய கேன்டீன், வாசலில் ஒரு டிக்கெட் கூண்டு. கூரை இல்லை, நாற்காலி இல்லை, ஏசி இல்லை. போதாக்குறைக்கு ஹாலிங்ஸ்ஹெட்டின் காப்புரிமையும் போய்விட்டது. ராயல்டி கொடுக்க மறுத்து, டிரைவ்-இன் நடத்திய லோயூஸ் கம்பெனிக்காரர்கள் வழக்காடினார்கள். தியேட்டரில் நாற்காலியை அரைவட்டமாகச் சரித்துப் போடுவதைத்தானே காருக்குச் செய்திருக்கிறீர்கள், இதில் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது என்ற ரீதியில் 1949இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? போர் முடிந்தபோது நாடு முழுவதும் 100 போல இருந்தவை, 1958 வாக்கில் 4,000ஐத் தாண்டின. நியூயார்க் மாநிலத்தில் கோபியாக் என்ற ஊரில் 28 ஏக்கரில் 2,500 கார் நிற்கும் டிரைவ்-இன் ஒன்று இருந்தது. குளிருக்கும் மழைக்கும் பயந்தவர்களுக்காக 1,200 இருக்கை கொண்ட மூடிய அரங்கமும் அங்கேயே உண்டு.

காசு எங்கே வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். டிக்கெட் பணத்தில் பெரும்பங்கை விநியோகஸ்தர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கேன்டீனில் விற்கிற பாப்கார்னிலும் ஹாட் டாக்கிலும் யாருக்கும் பங்கு கிடையாது, முழுக்க முதலாளிக்கு. அதனால் முழு இடமும் கேன்டீனைச் சுற்றியே திட்டமிடப்பட்டது. எல்லா வரிசையிலிருந்தும் நடந்து வர வசதியாகக் கேன்டீனை மைதானத்தின் நடுவில் வைத்தார்கள். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வரவைக்க, திரைக்கு அடியில் ஊஞ்சலும் சறுக்கும் போட்டார்கள். சீக்கிரம் வந்தால் பிள்ளை விளையாடும், விளையாடினால் பசிக்கும். அமெரிக்கத் தியேட்டர்களில் நம்மூர் மாதிரி இடைவேளை விடும் பழக்கம் குறைவு. டிரைவ்-இன்னிலோ ஒரே டிக்கெட்டில் இரண்டு படம், நடுவே கால் மணி நேர இடைவேளை. திரையில் ஹாட் டாக் நடனமாடும், குளிர்பானக் கோப்பை கையசைக்கும், கூடவே ஒரு கடிகாரம் "இன்னும் பத்து நிமிடம், இன்னும் எட்டு நிமிடம்" என்று எண்ணிக்கொண்டே இருக்கும். சில இடங்களில் பால் புட்டியைச் சூடாக்கித் தருவார்கள். குளிர் நாளில் காருக்குள் வைத்துக்கொள்ளச் சின்ன மின்சார ஹீட்டர்கூடக் கொடுத்தார்கள்.

கேன்டீனில் விற்ற இன்னொரு சாமான் கொசுவர்த்தி. திறந்த வெளி, கோடைக்காலம், கண்ணாடியை ஏற்றினால் வேகும், இறக்கினால் கொசு தூக்கிக்கொண்டு போகும். அதனால் பாப்கார்னுக்குப் பக்கத்திலேயே பச்சைச் சுருள் விற்றார்கள். பழைய கதை சொல்வதை 'கொசுவர்த்தி சுற்றுவது' என்று நாம் கிண்டலாகச் சொல்கிறோமே, இவர்கள் பழைய கதை நிஜமாகவே கொசுவர்த்தி வாசத்தோடுதான் வருகிறது.

படங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல படம் முதலில் நகரத்து அரங்குகளுக்குப் போகும். ஒரு ராத்திரிக்கு ஒரு முறைதான் டிக்கெட் விற்பனை, மழை வந்தால் அதுவும் இல்லை, வடக்கில் குளிர்காலம் முழுக்கப் பூட்டு. இப்படிப்பட்ட இடத்துக்குப் புதுப் படத்தைக் கொடுக்க ஸ்டூடியோக்கள் தயங்கின. மிச்சத்துக்கு அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் போன்ற கம்பெனிகள் வந்தன. குறைந்த செலவில் பூதம், ராட்சதப் பூச்சி, மோட்டார் சைக்கிள் ரவுடிகள். மலிவுப் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ரோஜர் கார்மன் மாதிரி ஆட்கள் இந்த வட்டத்தில்தான் வேலை கற்றுக்கொண்டு, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். குடும்பங்கள் முன்வரிசையில், காதலர்கள் கடைசி வரிசையில். பின்னவர்கள் படம் பார்க்க வரவில்லை என்பதால் படத்தின் தரம் அவர்களுக்கு ஒரு பொருட்டும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள், பத்திரிகைகள் கண்டித்தன, கூட்டம் குறையவில்லை. காருக்கு இவ்வளவு என்று ஒரே விலை வைத்த நாளில் பன்னிரண்டு பேர் ஒரே காரில் வருவதும், தலைக்கு இவ்வளவு என்ற நாளில் இரண்டு பேர் டிக்கியில் ஒளிந்து வருவதும் அங்கே இளமையின் கட்டாயப் பாடம்.

பகலெல்லாம் இவ்வளவு பெரிய இடம் சும்மா கிடக்கிறதே என்பதும் ஒரு வாய்ப்பாயிற்று. 1955இல் கலிபோர்னியாவில் ராபர்ட் ஷூலர் என்ற போதகர் கோயில் கட்டக் கையில் காசில்லாமல், ஆரஞ்ச் டிரைவ்-இன்னை ஞாயிறு காலைக்கு வாடகைக்கு எடுத்தார். கேன்டீனின் கூரைமேல் ஏறி நின்று பிரசங்கம் செய்தார். மக்கள் காரிலேயே இருந்து ஸ்பீக்கரில் கேட்டார்கள். பிற்காலத்தில் கண்ணாடி மாளிகையாக எழுந்த கிரிஸ்டல் கதீட்ரல் தேவாலயத்தின் ஆரம்பம் இந்தக் கேன்டீன் கூரைதான். மற்ற ஊர்களில் வார இறுதிச் சந்தை போட்டார்கள். கொஞ்ச நாளில் பல முதலாளிகளுக்குச் சந்தை வாடகை படத்தை விட அதிகமாக வந்தது. நிலம் பேச ஆரம்பித்துவிட்டது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நினைவுகளில் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தென் மாநிலங்களின் பல டிரைவ்-இன்களில் கறுப்பின மக்களுக்குத் தனி வாசல், தனிப் பகுதி. சில இடங்களில் அனுமதியே கிடையாது. அவரவர் காரில், ஒருவர் மேல் ஒருவர் படாமல் உட்கார்ந்து பார்க்கும் இடத்திலேயே இந்தக் கதி. "எல்லோரும் ஒன்றாகக் கூடிய பொற்காலம்" என்று யாராவது சொன்னால், எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, ஏன் போனது? டிவி வந்தது, வீடியோ கேசட் வந்தது, கேபிள் வந்தது என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் டிவியும் கேசட்டும் நகரத்துத் தியேட்டர்களையும்தான் அடித்தன. அவை மல்டிபிளெக்ஸாக மாறிப் பிழைத்துக்கொண்டன. டிரைவ்-இன்னுக்கு என்று தனியாக விழுந்த அடிகள் வேறு.

முதலாவது, இருட்டு. 1966இல் வந்த சட்டம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவதை நாடு முழுக்க ஒரே சீராக்கியது. ஏற்கெனவே கோடையில் எட்டு மணிக்கு மேல்தான் இருட்டும் ஊர்களில், படம் தொடங்க ஒன்பதரை ஆயிற்று. இரண்டு படம் முடிய ராத்திரி ஒன்றரை. மறுநாள் வேலைக்குப் போகிற குடும்பம் எப்படி வரும்? டிரைவ்-இன் முதலாளிகள் இதை எதிர்த்துப் போராடிப் பார்த்தார்கள். அரிசோனா மாநிலம் இன்றுவரை இந்தக் கடிகார மாற்றத்தில் சேராமல் இருக்கிறது. வெயில்தான் முக்கியக் காரணம், ஆனால் அன்று எதிர்த்தவர்களில் இவர்களும் உண்டு. இரண்டாவது, கார். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு கார் சிறுத்தது. நீளமான சோபா மாதிரி இருந்த முன்சீட்டு இரண்டு தனி இருக்கையாகி, நடுவில் கியர் வந்து உட்கார்ந்தது. கடைசி வரிசைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளக்கத் தேவையில்லை. குடும்பக் கூட்டம் குறைந்ததும், உயிர் பிழைக்கச் சிலர் வயதுவந்தோர் படங்களுக்குப் போனார்கள். அறுபதடித் திரையில் ஓடுவது நெடுஞ்சாலையில் போகிறவருக்கும் தெரியும் அல்லவா? புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம், சாலையிலிருந்து தெரியும் திரையில் நிர்வாணம் கூடாது என்று விதி போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1975இல் அந்த விதி செல்லாது, பார்க்கப் பிடிக்காதவர் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. சட்டப்படி ஜெயித்தார்கள். ஊரில் பெயர் கெட்டது கெட்டதுதான்.

இதெல்லாம் தலைவலி, காய்ச்சல் மாதிரி. உயிரை எடுத்தது நிலத்தின் விலை. சோளக்கொல்லை விலைக்கு வாங்கிய 15 ஏக்கர், இருபது வருடத்தில் புறநகரின் நட்டநடுவில் வந்து நின்றது. சுற்றிலும் வீடு, பக்கத்தில் நெடுஞ்சாலைச் சந்திப்பு. நிலவரி ஏறிக்கொண்டே போகிறது. வருடத்தில் ஐந்து மாதம், ராத்திரிக்கு ஒரு ஷோ. ஒரு நாள் ஷாப்பிங் மால் கட்டுகிறவர் வந்து ஒரு தொகையைச் சொல்கிறார். அவர் சொல்லும் தொகையைப் பாப்கார்ன் விற்றுச் சம்பாதிக்க மூன்று தலைமுறை ஆகும். ஆரம்பித்தவருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? 1990 வாக்கில் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. எந்தப் புறநகர் வளர்ச்சி டிரைவ்-இன்னுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியதோ, அதே வளர்ச்சிதான் அதை விழுங்கியது. நிலத்தை விலை ஏறும்வரை சும்மா போட்டுவைக்காமல் அதில் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்.

தப்பியவற்றை 2013 வாக்கில் டிஜிட்டல் வந்து உலுக்கியது. ஹாலிவுட் படச்சுருள் அனுப்புவதை நிறுத்தப்போகிறது, புது புரொஜெக்டருக்கு ஒரு திரைக்கு 70,000 டாலருக்கு மேல் வேண்டும். சிலர் கடன் வாங்கினார்கள், சிலர் ஊரில் வசூல் செய்தார்கள், சிலர் மூடினார்கள். இன்று சுமார் 300 இருக்கின்றன. 2020இல் கொரோனா வந்து மற்ற தியேட்டரெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, கொஞ்ச காலம் இவர்கள் காட்டில் மழை. வால்மார்ட் தன் கடைகளின் பார்க்கிங்கில் 160 இடங்களில் திரை கட்டிப் படம் போட்டது. பல ஊர்களில் டிரைவ்-இன்னை இடித்துத்தான் அந்த மாதிரிக் கடைகள் வந்தன என்பதை நினைத்தால் சிரிப்பு வரும்.

நம் பக்கம் சுருக்கமாக. ஊருக்கு நாலு கார் இருந்த காலத்தில் இங்கே இது பெருகியிருக்க வழியில்லை. அகமதாபாத்தில் 1973இல் ஒன்று வந்தது, அந்தச் சாலைக்கே டிரைவ்-இன் ரோடு என்று பெயர். சென்னையில் 1990களின் தொடக்கத்தில் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் பிரார்த்தனா டிரைவ்-இன் வந்தபோது, திருவான்மியூர் தாண்டினால் சவுக்குத் தோப்பும் மணலும்தான். கடற்காற்றில் படம் பார்த்தவர்கள் பலர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். பிறகு ஈசிஆர் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். அந்தத் திரையும் இப்போது இல்லை, இடம் வீட்டுமனைத் தொழிலுக்குப் போய்விட்டது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னும் 2008இல் நிலத்தால்தான் போனது. குத்தகை இடத்தை அரசு எடுத்துக்கொண்டு செம்மொழிப் பூங்கா ஆக்கியது. மும்பையில் 2021இல் புதிதாக ஒரு டிரைவ்-இன் திறந்தார்கள், எங்கே தெரியுமா? ஒரு மாலின் மொட்டைமாடியில். தரையில் போட அங்கே எவருக்குக் கட்டுப்படியாகும்?

கடைசிக் கேள்வி, ஏன் உருகுகிறார்கள் என்பது. அதற்கு நான் பார்த்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் சில வருடம் இருந்தோம். ஒரு ஜூலை சனிக்கிழமை, பக்கத்து ஊர் டிரைவ்-இன்னுக்குப் போனோம். ஏழு மணிக்கே கேட்டில் நீண்ட வரிசை. டிக்கெட் கூண்டில் இருந்த பெண்மணி எங்கள் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வெளிச்சாப்பாடு இருக்கிறதா என்றார். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். நம் வீட்டு வாசம் பொய் சொல்ல விடாது. வெளிச்சாப்பாட்டுக்கு 10 டாலர் பர்மிட் வாங்க வேண்டுமாம். ஒரு மஞ்சள் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டினார். என் வாழ்க்கையில் புளிசாதத்துக்கு லைசென்ஸ் எடுத்தது அன்றுதான். அப்போது எரிச்சலாக இருந்தது. கேன்டீன் கணக்குத் தெரிந்த பிறகு, அவர் கேட்டது நியாயம்தான் என்று படுகிறது.

உள்ளே போனால் பாதிப் பேர் காரைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, டிக்கிக் கதவைத் தூக்கி, உள்ளே மெத்தை விரித்திருந்தார்கள். தூக்கிய கதவு பின்னால் இருப்பவருக்கு மறைக்கும் என்பதால், கூரை மட்டத்துக்கு மேலே போகாதபடி கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். கயிறு வைத்துக்கொண்டு ஒரு பையன் வரிசை வரிசையாக வந்தான். பழைய கம்பங்கள் இன்னும் நிற்கின்றன, ஸ்பீக்கர்தான் இல்லை. சத்தம் கார் எஃப்எம் ரேடியோவில் வரும். திரைக்கு அடியில் பிள்ளைகள் கூட்டமாகப் பந்து விளையாடினார்கள். எங்கள் மகளும் யார் எவர் என்று கேட்காமல் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஒன்பதுக்கு மேல்தான் இருட்டியது. அதுவும் முழு இருட்டில்லை. திரைக்கு இடப்பக்கம், வயலுக்கு அப்பால், புதிதாகக் கட்டிய பெரிய சரக்குக் கிடங்கின் விளக்குகள் வெள்ளை வெளேர் என்று எரிந்தன. படத்தில் இரவுக் காட்சி வரும்போதெல்லாம் இடது மூலை சாம்பல் நிறமாகத் தெரிந்தது. அடுத்த காரில் இருந்த எழுபது வயதுக்காரர் அதைக் கையால் காட்டி, "அங்கேதான் பூசணித் தோட்டம் இருந்தது" என்றார். அவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலடியில் கொசுவர்த்தி.

சிறு வயதில் அதே மைதானத்துக்கு அப்பாவோடு வந்தாராம். எந்த வரிசையில் நிறுத்துவார்கள், அப்பா என்ன கார் வைத்திருந்தார், அதன் சீட்டு உறை தொடையில் எப்படி ஒட்டும், தம்பி எங்கே வாந்தி எடுத்தான் என்று எல்லாம் சொன்னார். என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். "ஏதோ பூதப் படம்" என்றார்.

ராத்திரி ஒரு மணிக்கு இரண்டாவது படம் முடிந்தபோது மகள் தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும். நான்கு மணி நேரம் ரேடியோ ஓடியதில் பேட்டரி காலி. கயிறு கொண்டுவந்த அதே பையன் இப்போது ஜம்பர் கேபிளோடு வந்தான். நாங்கள் அன்று ஏழாவது காராம். இருபது நிமிடம் அணைக்காமல் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு எட்டாவது காருக்குப் போனான்.

இதை எழுதும்போது, அன்று இரண்டாவதாக ஓடியது என்ன படம் என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். அவளுக்கும் நினைவில்லை. புளிசாதத்துக்குப் 10 டாலர் கட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.